போயா நாளில் கலைத்த மௌனம்

இன்று மத்தியானம் அலுமாரியைத் திறந்தபோது உம்முடைய ஜக்கெற்றிலிருந்து பொரித்த கறிவேப்பிலை மணத்தது. வெள்ளவத்தை வெக்கைக்கு இந்தக் கம்பளி ஜக்கெற் என்ன கோதாரிக்கு என்று அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூலையில் கொளுவி வைத்திருந்தேன். உம்முடைய தங்கச்சி தந்தது. "அக்கா, எங்களுக்கு இதால என்ன பிரயோசனம்? நீங்கள்தானே குளிர் நாடுகளுக்குப் போய் வாறனீங்கள்," என்று செத்தவீடு முடிந்த கையோடு திணித்துவிட்டாள். பையைத் துழாவினேன். இரண்டு கச்சான் பருப்பும் பொடிந்துபோன கறிவேப்பிலையும் அகப்பட்டன. ஜெனீவாவில் நீர் கடைசியாகத் தின்ற மிக்சரின் மிச்சம். அதை மணந்துகொண்டு கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

நான் தேடியது ஜக்கெற்றை அல்ல, வெள்ளைச் சேலையை. இன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. விகாரைக்குப் போக வேண்டியிருந்தது. நீர் இருந்திருந்தால், "எப்ப சமயம் மாறினனீர்?" என்று தொலைபேசியிலேயே விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்.

விஷயம் இதுதான். உமக்கு உடனே விளங்கும். இந்தக் கொழும்பில் உமக்கு மட்டுந்தான் விளங்கும், அதுதான் என் துக்கமே. நேற்று ஜெனீவாவில் நடக்கும் அணு ஆயுத ஒப்பந்த மாநாட்டின் தலைவர் இறுதி வரைவைச் சுற்றுக்கு விட்டார். மௌன முறையில் விட்டிருக்கிறார். இன்று பின்னேரத்துக்குள் எந்த நாடும் மறுத்து எழுதாவிட்டால், எல்லா நாடுகளும் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு நாளைக்குச் சுத்தியலால் தட்டி நிறைவேற்றிவிடுவார்கள். வெளிநாட்டு அமைச்சில் என் கதிரையில் இருந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். பிறகு இன்னொருமுறை வாசித்தேன். உம்முடைய பந்தி இல்லை.

அணுகுண்டுச் சோதனை நடந்த இடங்களின் மக்களுக்கு நேர்ந்த தீங்கை ஏற்றுக்கொள்கிறோம், சோதனை செய்த நாடுகள் அவர்களின் வைத்தியத்துக்கும் அந்த நிலத்தைத் துப்புரவாக்கவும் உதவ வேண்டும் என்று சொல்லும் அந்தப் பந்தியை அப்படியே தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில், "சில கரிசனைகள் கவனத்திற் கொள்ளப்பட்டன" என்று ஒரு வரி. யாருடைய கரிசனை, எதைப் பற்றிய கரிசனை, ஒன்றும் இல்லை. எப்படி நடந்தது என்று ஜெனீவாவில் இருக்கும் எங்கள் அலுவலரைக் கேட்டேன். பாவம், அங்கே அவர் ஒருவர்தான். "அந்த நேரம் மற்ற அறையில நிண்டனான், மேடம். திரும்பி வர முடிஞ்சுது," என்றார். எங்கள் கதிரை காலியாக இருந்திருக்கிறது.

கேட்டவுடன் உம்முடைய குரல் காதில் வந்தது. "கதிரையை மட்டும் விட்டிடாதையும். அவங்கள் எங்களைத் தேடிவந்து கேக்க மாட்டாங்கள். ஆனா கதிரையில ஆள் இருந்தா, கேக்காமல் விடவும் ஏலாது."

நாங்கள் இருவரும் முதன்முதலாகப் போன மாநாடு நினைவிருக்கிறதா? பெரிய நாடுகள் பட்டாளமாக வந்து இறங்கின. சட்டம் தெரிந்தவர், விஞ்ஞானம் தெரிந்தவர், பை தூக்க ஒருவர். எங்களுக்கு நீரும் நானும்தான். ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் கூட்டம் நடக்கும். நான் அறைக்கறை ஓடுவேன், நீர் பெரிய மண்டபத்தில் அட்டை போல ஒட்டிக்கொண்டு இருப்பீர். சாப்பாட்டுக்கும் எழும்ப மாட்டீர். கொழும்பில், காலி வீதிக் கடையில் வாங்கிய மிக்சர்ப் பைக்கற்றை மடியில் வைத்து, மண்டபத்தில் தின்னக்கூடாது என்ற சட்டத்தை மேசைக்குக் கீழே மீறுவீர். பின்வரிசை நாடுகளுக்கும் இரகசியமாகப் பகிர்ந்தீர். உறைப்புத் தாங்காமல் ஒரு தூதுவர் தண்ணீர் தேடி ஓடியதைப் பார்த்து, அவர் நாடு வெளிநடப்புச் செய்கிறதாக்கும் என்று முன்வரிசையில் ஒரு சலசலப்பு வந்ததே! அன்றைக்கு நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

அந்த மாநாட்டில்தான் நீர் அந்தப் பிழையை விட்டீர். எங்கள் தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு எவருக்கும் வராத பிழை. பேச வேண்டுமென்றால் நாட்டின் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும், பேசி முடித்ததும் படுக்க வைக்க வேண்டும். நீர் கொழும்பிலிருந்து வந்த உரையை அச்சுப் பிசகாமல் வாசித்துவிட்டு, நிம்மதியில் மிக்சருக்குள் கையை விட்டீர். பலகை நின்றபடி நின்றது. நான் பின்கதிரையிலிருந்து அதைக் காண்கிறதுக்குள் தலைவர், "இலங்கைக்கு மீண்டும் பேச இடமளிக்கிறேன்," என்றுவிட்டார். மண்டபம் முழுக்க உம்மைத் திரும்பிப் பார்த்தது. ஒலிவாங்கியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. பிழை, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். நீர் விரல்களைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்: "தலைவர் அவர்களே, இத்தனை நாளும் ஆயுதங்களைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோம். அவை வெடித்த இடங்களில் வாழ்கிறவர்களைப் பற்றி இந்த வரைவில் ஒரு பந்திகூட இல்லை. அதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி."

ஒலிவாங்கியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஐயோ, நான் இப்ப என்ன சொன்னனான்?"

"நாட்டின்ர வெளிநாட்டுக் கொள்கையைச் சொன்னனீர்," என்றேன் நான்.

அன்று மாலையே கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அப்போதிருந்த மேலதிகாரி, யார் தந்த அறிவுறுத்தல் என்று பாய்ந்தார். "அறிவுறுத்தல் ஒண்டுமில்லை, சேர். பலகையைப் படுக்க வைக்க மறந்திட்டன்," என்று நீர் உள்ளதை உள்ளபடி சொன்னீர். அவர் தொலைபேசியைப் படாரென்று வைத்துவிட்டார். அடுத்த கிழமை பல நாடுகள் எங்களைப் பாராட்டி எழுதியதும், அது தன்னுடைய யோசனைதான் என்று அதே மனிதர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "சொல்லட்டும், விடும். பந்தி நிண்டாச் சரி," என்றீர். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

உம்முடைய கதிரையைத் தேடி வந்த அந்தத் தீவுக்காரரை நான் மறக்கவே மாட்டேன். பசிபிக் பெருங்கடலில் எங்கோ ஒரு பொட்டுத் தீவு. அவருடைய தூதுக்குழுவில் அவர் மட்டுமே. பெரிய உடம்பு, மெல்லிய குரல். உம்முடைய கையைப் பிடித்தவர் விடவேயில்லை. "எங்கள் தீவில் தென்னை நன்றாகக் காய்க்கும். ஆனால் ஒரு இளநீர்கூடப் பறித்துக் குடிக்க முடியாது. குண்டின் நஞ்சு இன்னும் மண்ணில் இருக்கிறது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீர் மிக்சர்ப் பைக்கற்றை முழுதாக அவரிடம் கொடுத்துவிட்டீர். அன்றிரவு விடுதியில் எனக்கு நித்திரை வந்துகொண்டிருக்க, "தேங்காய் தின்னேலாத ஒரு ஊரை நினைச்சுப் பாரும். சம்பல் இல்லை, சொதி இல்லை. நிலத்தைப் பறிக்காமலே பறிச்சுப்போட்டாங்கள்," என்று புலம்பிக்கொண்டேயிருந்தீர்.

நான் உம்மைப் போல இல்லை. எனக்கு இந்த வேலையில் சலிப்புத்தான் கூட. எங்களிடம் ஒரு குண்டும் இல்லை, பக்கத்து வீடுகள் இரண்டில் இருக்கிறது, எங்களை யார் கேட்கிறார்கள், எங்களுக்கு ஏன் இந்த விசர் வேலை என்று எத்தனை தரம் உம்மோடு சண்டை பிடித்திருப்பேன். "எங்களிட்ட இல்லாதபடியாத்தான் எங்களுக்கு வாய் திறக்கலாம்," என்பீர். அடுத்த மாநாடு கடைசி நாளில் குழம்பியதே, அன்றைக்குமா நீர் தளராமல் இருக்க வேண்டும்? எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும் என்பது அங்குள்ள விதி. ஒரே ஒரு நாடு முடியாது என்றது. நான்கு கிழமை உழைப்பு, உம்முடைய பந்தி உட்பட, குப்பைக்குப் போனது. நான் நடைவழியில் நின்று அழுதேன். நீர் என் தோள்பையைத் தூக்கிக்கொண்டு, "வாரும், பஸ்ஸுக்கு நேரமாகுது. அடுத்த முறையும் வருவம்," என்று முன்னால் நடந்தீர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த முறை வந்தபோது நீர் இல்லை.

நோய் வந்த பிறகும் உம்முடைய வாய் அடங்கவில்லை. கதிர்ச் சிகிச்சைக்குப் போய் வந்த நாட்களில் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டு, "வாழ்நாள் முழுக்க அணுவுக்கு எதிரா நிண்டவளுக்கு அணு வந்து வைத்தியம் பாக்குது. சமாதானத் தேவைக்கான பயன்பாடு எண்டு ஒப்பந்தத்தில இருக்கெல்லே, அது நான்தான்," என்பீர். நானும் சிரிப்பேன். திரும்பும்போது பஸ்ஸில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வருவேன். கடைசிக் கிழமைகளில் நீர் மாநாட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. மீன் கட்லட் வேண்டுமென்றீர். வாங்கி வந்தேன். விழுங்க முடியவில்லை. அதைப் பிய்த்துப் பிய்த்துக் கோப்பையில் வைத்தபடி, "நீர் சாப்பிடும், நான் பாக்கிறன்," என்றீர். உமக்கு முன்னால் அவ்வளவையும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை கட்லட் வாயில் வைக்கவில்லை.

தனியாக இருக்கிறேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்தத் தொடர்மாடியில் முன்வீட்டு மனுசி நல்லவ. நேற்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ரீச்சர், ஏதும் வருத்தமோ?" என்றா. நான் ரீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். அணுகுண்டுச் சோதனை பற்றிய ஒரு பந்தியை வெட்டிவிட்டார்கள் என்றேன். "அணுகுண்டோ? இஞ்ச காஸ் சிலிண்டருக்கே அல்லாடுறம்," என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் பாயாசம் தந்தா. அதைச் சாப்பிட்டுவிட்டு வாசற்படியில் நின்றேன். உமக்கு எடுக்க வேண்டும் போல இருந்தது. உம்முடைய இலக்கம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. உம்முடைய தங்கச்சி அந்த இணைப்பை வெட்டிவிட்டாள் என்பதும் தெரியும். ஆனாலும் அழுத்தினேன். பதிவுசெய்த பெண்குரல் ஒன்று சிங்களத்தில் பதில் சொன்னது. வைத்துவிட்டேன்.

நேற்று மாலையே தீவுக்காரரிடமிருந்து செய்தி வந்திருந்தது. "வரைவைப் பார்த்தீர்களா? எங்கள் கப்பல்களும் மருந்தும் சோதனை செய்த நாட்டிடமிருந்துதான் வருகின்றன. நாங்கள் முதலாவதாக மறுக்க முடியாது. வேறு யாராவது மௌனத்தைக் கலைத்தால் பின்னால் வருவோம். உங்கள் தோழி பேசுவாரா?" உங்கள் தோழி. அவருக்குத் தெரியாது. எவரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. பதில் எழுதாமல் விட்டேன்.

நாட்டின் பெயரில் மறுப்பு எழுத வேண்டுமென்றால் மேலதிகாரியின் சம்மதம் வேண்டும். இப்போதிருக்கிறவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் பயந்த மனிதர். நேற்று அலுவலகம் மூடும்போதே அவரைப் பிடித்தேன். "ஒஹொம தியமு, மிஸ்," என்றார். அப்படியே கிடக்கட்டும் என்று அர்த்தம். "நாங்கள் ஏன் பெரிய ஆட்களோட கொழுவ வேணும்? வேற நாடுகள் இருக்குத்தானே?" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே மின்தூக்கிக்குள் போய்விட்டார். இன்றைக்குப் பத்துத் தரம் எடுத்தேன், தொலைபேசி வேலை செய்யவில்லை. வீட்டு இலக்கத்துக்கு எடுத்தால் அவருடைய மனைவி, மாத்தயா சில் விரதம் எடுத்திருக்கிறார், பொழுது படும்வரைக்கும் பக்கத்து விகாரையில்தான், தொலைபேசியை நிறுத்தி வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றா. ஜெனீவாவில் ஒருவருக்கும் போயா தெரியாது. பொழுது படுகிறபோது மௌனம் சம்மதமாகிவிடும்.

அப்போதுதான் வெள்ளைச் சேலை தேடினேன்.

முச்சக்கரவண்டி பிடித்துப் போனேன். விகாரை முழுக்க வெள்ளை உடுப்பு. பிரித் ஓதுவது ஒலிபெருக்கியில் கேட்டது. அரச மரத்துக்குக் கீழே பாய் விரித்து, கண்ணை மூடி இருந்தார் எங்கள் மேலதிகாரி. கழுத்துப்பட்டி இல்லாமல் அவரை நான் கண்டதேயில்லை. சின்னப் பிள்ளை போல இருந்தார். பக்கத்தில் போய் முழங்காலில் இருந்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் செருமினேன். கண்ணைத் திறந்தவர் திடுக்கிட்டுப் போனார்.

"மிஸ், இங்கயா? இண்டைக்கு நான் வேலை கதைக்கக்கூடாது."

"வேலை இல்லை, சேர். ஒரேயொரு கேள்வி. அந்தப் பந்தி அங்க இருக்க வேணுமா, வேண்டாமா?"

அவர் மரத்தைப் பார்த்தார். பக்கத்தில் தியானத்தில் இருந்த அம்மா ஒருவர் எங்களை முறைத்தா. நான் எழும்பவில்லை. உம்மைப் போல ஒட்டிக்கொண்டு இருந்தேன். கால் மரத்துப்போனது. கடைசியில் அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"நேற்று அலுவலகத்தில் கேட்டீங்க, நேற்று நான் ஒரு பதில் சொன்னேன். இண்டைக்குச் சில் எடுத்திருக்கிறேன். பொய் சொல்ல ஏலாது." குரலைத் தாழ்த்தினார். "இருக்க வேணும்."

"அப்ப எழுதட்டோ, சேர்?"

"எழுதுங்க. யாராவது கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லுங்க. சொன்னதுதானே." கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கண்ணை மட்டும் திரும்பத் திறந்தார். "மிஸ், இனி அடுத்த போயாவுக்கு நான் எந்த விகாரைக்குப் போறேனெண்டு வீட்டிலயும் சொல்ல மாட்டேன்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அம்மா விரலை உதட்டில் வைத்தா. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடும்போது, இதை உடனே உமக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் பாய்ந்து வந்தது. இரண்டு அடி வைத்த பிறகுதான் நீர் இல்லை என்பது உறைத்தது. அந்த மதிலோரமாக, வெள்ளைச் சேலையில், தெருவில் போகிறவர்கள் பார்க்க நின்று அழுதேன். பக்தியில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மறுப்பை முச்சக்கரவண்டிக்குள் இருந்தே எழுதினேன். நீண்ட விளக்கம் ஒன்றும் இல்லை. "இந்த வரைவுக்கு எமது நாடு சம்மதிக்க முடியாது. நீக்கப்பட்ட பந்தி முழுமையாகத் திரும்ப வேண்டும்." ஜெனீவா அலுவலர் உடனே தலைவருக்குச் சேர்ப்பித்துவிட்டு, "கலைச்சாச்சு, மேடம்," என்று எனக்கு எழுதினார். அவருக்கும் சந்தோஷம் போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு யன்னலடியில் இருந்தேன். கடலோர ரயில் போனது. ஒரு நாடும் எங்களோடு சேர்ந்து எழுதவில்லை. இன்னொரு ரயில் போனது. அப்போதும் இல்லை. அவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு "முடியாது", அதுவும் வெள்ளவத்தையிலிருந்து. இந்த வேலையில் நான் இவ்வளவு பயந்ததில்லை. நீர் அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கு முன்னால் எப்படி இருந்தீரோ.

பொழுது படும் நேரத்தில் தலைவரிடமிருந்து அறிவிப்பு வந்தது. இரண்டு நாடுகள் மறுத்திருப்பதால் மௌனம் கலைந்தது, பந்தி நாளைக்கு மேசைக்குத் திரும்பும். இரண்டாவது நாடு எது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. தீவுக்காரரின் செய்தி பின்னாலேயே வந்தது. "எங்கள் பெயரையும் போட்டுவிட்டோம். இனிக் கப்பல் பிந்தினாலும் பிந்தட்டும். நாளைக்கு வெல்லுவோமா தெரியாது. ஆனால் இது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். உங்கள் தோழியிடம் சொல்லுங்கள்."

பதில் எழுத உட்கார்ந்தேன். என் தோழி இப்போது இல்லை என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அந்தப் பெரிய உடம்புக்காரர் நாளைக்கு அந்த மண்டபத்தில் தனியாக இருந்து பேச வேண்டும். கொழும்பில் நீர் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர் என்ற நினைப்போடு அவர் பேசட்டும். உலகத்தில் ஒருவர் மனதிலாவது நீர் இன்னும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறீர். அங்கே உமக்கு நோயும் இல்லை. அந்த இடத்திலிருந்து உம்மை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்லாமல் வைத்திருக்கிற பாரம் இனி எனக்குத்தான், பரவாயில்லை. "சொல்கிறேன்" என்று மட்டும் அவருக்கு எழுதி அனுப்பினேன்.

அதற்காகத்தான் இந்த மடல். அவர் உம்மிடம் சொல்லச் சொன்னார்.